பண்ணைக்குட்டையில் மிதந்த பெரணிக்கு குரோமோசோம் எண்ணியது

பொள்ளாச்சிப் பக்கம் கறவை மாடு வைத்திருப்பவர்கள் பலர் கட்டுத்தரைக்குப் பின்னால் ஒரு அசோலாத் தொட்டியும் வைத்திருப்பதால், தண்ணீரில் பச்சையாக எது மிதந்தாலும் அதற்கு அசோலா என்று பெயர் வைத்துவிடுகிறோம். பிஏபி (பரம்பிக்குளம்-ஆழியாறு திட்டம்) வாய்க்கால் தண்ணீரோடு வந்து எங்கள் பண்ணைக்குட்டையில் ஏறிய செடிக்கும் அதே பெயர்தான் கிடைத்தது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கரையில் நின்று பார்த்துவிட்டு, "ஏனுங்க மாப்ள, இத்தன அசோலாவ வெச்சுக்கிட்டு தவுட்டுக்கும் புண்ணாக்குக்கும் எதுக்குங்க காசக் கொட்டறீங்க?" என்று கேட்டார். அது அசோலா இல்லை, சால்வினியா. மலைக்கு அந்தப்பக்கம், கேரளத்தில், ஆப்பிரிக்கன் பாயல் என்பார்கள். இரண்டுமே மிதக்கும் பெரணிகள்தான், ஒரே குடும்பம்தான், ஆனால் மாட்டுக்கு முன்னால் வைத்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்: அசோலாவின் உலர்ந்த எடையில் கால்பங்கு வரைக்கும் புரதம் இருக்கிறது, சால்வினியாவில் லிக்னினும் டானினும் அதிகம், மாடு மோந்து பார்த்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும்.

கண்ணால் பிரிப்பது கஷ்டமில்லை. அசோலா முழுச் செடியே கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கும், இலைகள் செதில் செதிலாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியிருக்கும். சால்வினியாவில் ஒரு தனி இலையே அந்த அளவுக்கு மேல் வரும், நெருக்கம் கூடக்கூட நடு நரம்பில் மடங்கி நிமிர்ந்து நிற்கும். இலையின் மேல்பக்கத்தைக் கைலென்ஸில் பார்த்தால் வரிசை வரிசையாக மயிர்கள். ஒவ்வொன்றும் ஒரு காம்பாக எழும்பி, நான்காகப் பிரிந்து, நுனியில் மறுபடி ஒன்றுசேர்ந்து ஒரு சின்னக் கூண்டாக முடியும். காஷ்மீர் ஏரிகளில் இருக்கிற சால்வினியா நேட்டன்ஸில் இந்த நுனிகள் சேராமல் விட்டு நிற்கும். ஆக என்னுடையது நேட்டன்ஸ் இல்லை, தென்னமெரிக்க ஆரிகுலேட்டா கூட்டத்தில் ஒன்று. அந்தக் கூட்டத்துக்குள் மொலஸ்டா, ஆரிகுலேட்டா, ஹெர்சோகி எல்லாமே இதே கூண்டு மயிரோடுதான் இருக்கும் என்பதால் லென்ஸ் அதற்கு மேல் உதவாது.

இவ்வளவு நோண்ட வேண்டிய அவசியம் என்ன என்றால், குட்டையைச் சுத்தம் செய்யும் வழி அதில்தான் இருக்கிறது. ஒருவர் சொன்னார், தண்ணீரை வடித்துக் காயப்போட்டாலும் பிரயோசனமில்லை, வித்து (பெரணிக்கு விதைக்குப் பதிலாக இருக்கும் ஸ்போர்) சேற்றில் கிடந்து அடுத்த மழைக்கு முளைக்கும் என்று. இன்னொருவர் களைக்கொல்லி அடிக்கச் சொன்னார். அந்தத் தண்ணீரைத்தான் மாடும் குடிக்கிறது, தென்னைக்கும் போகிறது, அதனால் அந்தப் பேச்சை அப்போதே விட்டுவிட்டேன். முதல் ஆள் சொன்னது உண்மையா என்பதுதான் கேள்வி. செடி மொலஸ்டாவாக இருந்தால் அது உண்மையாக இருக்க முடியாது, ஏனென்றால் மொலஸ்டா ஐம்மடியம்: இந்தப் பேரினத்தில் ஒரு அடிப்படைத் தொகுதிக்கு 9 குரோமோசோம்கள், மொலஸ்டாவில் அப்படி ஐந்து தொகுதிகள், மொத்தம் 45. நேட்டன்ஸில் 18, ஆரிகுலேட்டாவில் 54, ஹெர்சோகியில் 63. ஐந்து தொகுதியை இரண்டாகச் சமமாகப் பிரிக்க முடியாது. வித்து உண்டாகும்போது எண்ணிக்கையைப் பாதியாக்கும் குன்றல் பகுப்பில் ஜோடி சேர முடியாத குரோமோசோம்கள் மிஞ்சி ஆளுக்கொரு பக்கம் போய், வித்து உருப்படாமல் போகும். 45 என்று எண்ணிவிட்டால் சேற்றைப் பற்றிய பயம் போய்விடும். படித்தது தாவரவியல், பிழைப்பு பால். பழைய மைக்ராஸ்கோப் ஒன்று சாளையில் தூசி படிந்து கிடக்கிறது, நூறு மடங்கு எண்ணெய் லென்ஸும் நன்றாகத்தான் இருக்கிறது. சரி, எண்ணியே பார்த்துவிடலாம் என்று இறங்கினேன்.

கல்லூரியில் வெங்காய வேர்நுனியை நசுக்கிப் பார்த்தவர்கள் இங்கேயும் வேரைத்தான் தேடுவார்கள். சால்வினியாவுக்கு வேரே கிடையாது. தண்டின் ஒவ்வொரு கணுவிலும் மூன்று இலைகள், இரண்டு மேலே மிதக்கும், மூன்றாவது தண்ணீருக்குள் பழுப்பு இழைகளாகக் கிழிந்து தொங்கும், நாம் வேர் என்று நினைப்பது அதைத்தான். செல் பிரிவது தண்டின் கொழுந்தில். அந்தக் கொழுந்து மயிர் மூடி மடிந்த இலைகளுக்குள் அரிசி முனை அளவில் ஒளிந்திருக்கும். நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் நல்லது. நான் குட்டையின் ஓரத்தில், நெருக்கம் இல்லாமல் தனியாக மிதந்து வேகமாகக் கிளைத்துக்கொண்டிருந்த இளஞ்செடிகளில் மட்டும் எடுத்தேன். நடுவில் மடங்கி நெருங்கிக் கிடக்கும் முற்றிய பாயில் செல் பிரிவது கம்மி.

குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்காமல் பரவுவதற்கு முதலில் அவற்றைச் சுருக்க வேண்டும். ஆய்வகங்களில் இதற்குப் பயன்படுத்தும் கோல்சிசின் விஷம், வீட்டில் வைத்திருக்கிற பொருள் இல்லை. பாரா டைகுளோரோபென்சீன் கரைத்த தண்ணீரே போதும், கழிவறையில் போடும் வெள்ளை உருண்டைகள் பலவற்றில் இருப்பது அதுதான். ஆனால் பாச்சா உருண்டை என்று கேட்டால் கடைக்காரர் நாப்தலீனையும் கொடுத்துவிடலாம், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி இருக்கிறது: ஒரு டம்ளர் தண்ணீரில் இனிமேல் கரையாது என்கிற அளவுக்குக் கல்லுப்பு போட்டுக் கலக்கி, அதில் உருண்டையைப் போட வேண்டும். நாப்தலீன் மிதக்கும், பாரா டைகுளோரோபென்சீன் முழுகும். சூடம் என்றால் வெறும் தண்ணீரிலேயே மிதந்துவிடும். முழுகிய உருண்டையைப் பொடித்து, இளஞ்சூடான தண்ணீரில் குலுக்கி ஒரு இரவு வைத்து, தெளிவை மட்டும் வடித்துக்கொண்டேன். அதில் கொழுந்துகளைப் போட்டுக் குளிர்பெட்டியின் கதவுப்பக்கத் தட்டில் மூன்று மணி நேரம். ஜாடியை இறுக மூடி, "விஷம்" என்று எழுதி ஒட்டிவிட வேண்டும். எங்கள் வீட்டில் அந்தத் தட்டில்தான் மோர் இருக்கும் என்பதால் இதற்காகவே பழைய குளிர்பெட்டி ஒன்றைச் சாளையில் தனியாகப் போட்டுக்கொண்டேன்.

அடுத்தது பதப்படுத்தல். எத்தனால் மூன்று பங்கு, அடர் அசிட்டிக் அமிலம் ஒரு பங்கு, அன்றைக்கே கலந்தது. வெங்காய வேரைப் போட்டால் முழுகும். சால்வினியாக் கொழுந்து மேலேயே மிதந்து நின்றது. அந்தக் கூண்டு மயிர்களுக்குள் சிக்கிய காற்று திரவத்தை உள்ளே விடுவதில்லை, நடுவில் இருக்கிற செல் பதப்படாமலேயே செத்துப்போகிறது. இதற்கு நான் கண்ட வைத்தியம் மாட்டுக்கு ஊசி போடும் இருபது மில்லி சிரிஞ்சு. கொழுந்துகளையும் திரவத்தையும் சிரிஞ்சுக்குள் விட்டு, காற்றை வெளியே தள்ளி, முனையைக் கையுறை போட்ட விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனைப் பின்னால் இழுத்தால், உள்ளே அழுத்தம் குறைந்து மயிர்களுக்குள்ளிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்புகிறது. இழுத்துப் பிடித்து, விட்டு, மறுபடி இழுத்து, குமிழி நிற்கும்வரை செய்தால் கொழுந்து தானாகவே அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு நாள் முழுக்க அதிலேயே ஊறவிட்டு, பிறகு எழுபது சதவீத எத்தனாலுக்கு மாற்றினால் வாரக்கணக்கில் வைத்து நிதானமாகப் பார்க்கலாம்.

செல்சுவர் இளக ஒரு நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும்: அடர் அமிலம் 8.3 மில்லியைத் தண்ணீரில் விட்டு நூறு மில்லி ஆக்க வேண்டும். அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் விட்டால் தெறிக்கும். பால் காய்ச்சும்போது வைக்கிற வெப்பமானியைச் சொம்புத் தண்ணீரில் போட்டு அறுபது டிகிரியில் நிறுத்தி, கொழுந்து இருக்கிற சோதனைக் குழாயை அதில் ஏழெட்டு நிமிடம் வைத்தேன். அதற்குக் கீழே போனால் செல்கள் கட்டியாகவே நிற்கின்றன, பத்து நிமிடத்தைத் தாண்டினால் சாயம் ஏறுவதில்லை. சாயம் அசிட்டோகார்மைன்: நாற்பத்தைந்து சதவீத அசிட்டிக் அமிலம் நூறு மில்லியில் ஒரு கிராம் கார்மைன், மெல்லக் கொதிக்கவிட்டு ஆறவைத்து வடிகட்டியது. ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள், மூக்கைப் பிய்த்துவிடும். வினிகரில் நான்கைந்து சதவீதம்தான் அமிலம், அதை வைத்து இந்த வேலை ஆகாது.

ஸ்லைடில் ஒரு சொட்டுச் சாயம், அதில் கொழுந்து. இரண்டு ஊசிகளால் வெளி இலைகளைப் பிய்த்துத் தள்ளி, மயிர்களை ஒன்றுவிடாமல் ஒதுக்கி, உள்ளே இருக்கும் கண்ணாடி மாதிரியான நுனியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு மயிர் மிஞ்சினாலும் கவர்சிலிப் தூக்கிக்கொண்டு நிற்கும், செல் நசுங்காது. இங்கே துருப்பிடித்த ஊசிதான் நல்லது: இரும்பு கொஞ்சம் கரைந்தால் கார்மைன் குரோமோசோமை இறுகப் பிடிக்கிறது. துரு அதிகமானால் ஸ்லைடு முழுக்கக் கறுத்துவிடும். மேலே கவர்சிலிப், அதன்மேல் மை ஒற்றும் தாள், பென்சிலின் பின்பக்கத்தால் மெல்லத் தட்டி, கடைசியில் கட்டைவிரலால் நேராக ஒரே அழுத்து. விரல் ஒரு மயிரிழை பக்கவாட்டில் நகர்ந்தால் எல்லாம் உருண்டு கயிறாகிவிடும்.

பல ஸ்லைடுகளில் ஒன்றும் இல்லை. கிடைத்ததில், சிவப்பு உட்கருக்கள் கூட்டமாகக் கிடக்க, நடுவே ஒரு செல்லில் மட்டும் உட்கரு உடைந்து குட்டை குட்டையான கருஞ்சிவப்புத் துணுக்குகள் விரவிக் கிடந்தன. கைபேசியை ஐபீஸில் வைத்துப் படம் எடுத்து, பெரிதாக அச்செடுத்து, பேனாவால் ஒவ்வொன்றின்மேலும் புள்ளி வைத்து எண்ணுவதுதான் வழி; லென்ஸில் பார்த்துக்கொண்டே எண்ணினால் முப்பதைத் தாண்டும்போது கண் தொடங்கிய இடத்தை மறந்துவிடும். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, அவளிடம் தனிப் பிரதி கொடுத்து நான் எண்ணியதைச் சொல்லாமல் எண்ணச் சொன்னேன்.

"அப்பா, இந்த மூலையில இருக்கறது ரெண்டா, ஒண்ணா?"

"நீயே முடிவு பண்ணு அம்மிணி, நான் சொன்னா அப்புறம் என்ற கணக்குத்தான் வரும்."

அவளுக்கு 44, எனக்கு 45. தெளிவாக இருந்த மற்ற செல்களிலும் இருவருக்கும் 43க்கும் 46க்கும் நடுவில்தான் வந்தது. நசுக்கும்போது ஒன்றிரண்டு வெளியே ஓடிவிடும், ஒன்றிரண்டு மேலேறிக் கொள்ளும், அதனால் ஒரு செல்லை மட்டும் வைத்து 44 இல்லை 45தான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் 9இன் மடங்குகளில் 36, 45, 54 என்றுதான் படி ஏறும், 43க்கும் 46க்கும் நடுவில் இருக்கிற ஒரே படி 45. எனக்கு அது போதும்.

இன்னொரு பக்கத்திலிருந்தும் சரிபார்த்தேன். முற்றிய பாயைத் தூக்கிப் பார்த்தால் பழுப்பு இழைகளுக்கு நடுவே வித்துக்கனிகள் சரம் சரமாகத் தொங்கும், கடுகை விடப் பெரிசு, மேலே மயிர். இதைப் பார்த்துத்தான் வித்து சேற்றில் விழும் என்று ஆட்கள் சொல்வது. சொல்பவர்கள் மேல் தப்பில்லை, கனியைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சிலவற்றைக் கீறி அதே சாயத்தில் பார்த்தேன். ஒழுங்கான ஒரு சிறுவித்துப் பையில் (ஆண் பக்க வித்துகள் இருக்கும் பை) பாடப்புத்தகக் கணக்குப்படி 64 வித்துகள் ஒரே அளவில் இருக்க வேண்டும். என்னுடையதில் பெரும்பாலான பைகள் வெறும் தோல், மிச்சத்தில் பெரிசும் சிறிசுமாகச் சுருங்கிய, உள்ளே ஒன்றுமில்லாத வித்துகள்.

ஐந்து தொகுதி எப்படி வந்தது என்பதற்குக் கணக்கு எளிது. ஆறு தொகுதி உள்ள ஒரு செடி தன் பாலணுவுக்கு மூன்றைக் கொடுக்கும், நான்கு தொகுதி உள்ளது இரண்டைக் கொடுக்கும், சேர்ந்தால் ஐந்து. ஆரிகுலேட்டா கூட்டத்துக்குள்ளேயே எப்போதோ நடந்த கலப்பு இது என்பதுதான் பொதுவான கருத்து. சாதாரணமாக இப்படிப்பட்ட மலட்டுக் கலப்பு ஒரு தலைமுறையோடு முடிந்துவிடும். இதற்கோ தலைமுறையே வேண்டியதில்லை, ஒரு கணுவும் ஒரு மொட்டும் ஒடிந்தால் அது ஒரு புதுச்செடி. கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குத் தாவரவியல் பாடத்துக்காக 1939இல் வந்தது இலங்கை வயல்களுக்குப் பரவியதும், ஐம்பதுகளில் திருவனந்தபுரம் வேளிக் காயலில் தென்பட்டதும், எங்கள் குட்டையில் மிதந்ததும் ஏறக்குறைய ஒரே உடலின் ஒடிந்த துண்டுகள்தான்.

பெயரைச் சரியாகத் தெரிந்துகொள்ளாததால் ஆப்பிரிக்காவில் வருடக்கணக்கில் வீணாகியிருக்கிறது. ஜாம்பெசி ஆற்றில் கரீபா அணையில் தண்ணீர் தேங்கத் தொடங்கியதும் 1959இல் செடி தலைகாட்டி, 1962க்குள் ஏறக்குறைய ஆயிரம் சதுர கிலோமீட்டரை மூடிவிட்டது. அதை ஆரிகுலேட்டா என்றே நினைத்ததால், அதைத் தின்னும் பூச்சியை ஆரிகுலேட்டா வளரும் ட்ரினிடாட் பக்கம் போய்த் தேடிக் கொண்டுவந்து விட்டார்கள், பெரிதாகப் பலன் இல்லை. 1972இல் மிட்செல் என்ற தாவரவியலாளர் இதைத் தனி இனமாகப் பிரித்து மொலஸ்டா என்று பெயர் வைத்தார். 1978இல் தென்கிழக்கு பிரேசிலில் அதன் சொந்த இடம் அகப்பட்டது, அங்கே அதைத் தின்றுகொண்டிருந்த இரண்டு மில்லிமீட்டர் கூன்வண்டும் அகப்பட்டது. அந்த வண்டை 1980இல் ஆஸ்திரேலியாவின் மூண்டாரா ஏரியில் விட்டார்கள், ஒன்றரை வருடத்துக்குள் ஏரி தெளிந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால் வண்டும் முதலில் பழைய ட்ரினிடாட் இனம் என்றே நினைக்கப்பட்டு, 1985இல்தான் சிர்டோபேகஸ் சால்வினியே என்று தனிப்பெயர் பெற்றது. பெங்களூரிலும் அப்புறம் கேரளத்திலும் எண்பதுகளில் இதே வண்டை விட்டு நல்ல பலன் கண்டார்கள். ஒரு தனிக் குட்டைக்கு வண்டு தேவையில்லை, ஆள் இறங்கி வழித்தாலே ஆகிவிடும்.

இவ்வளவு சாமான் சேர்த்தபிறகு அசோலாத் தொட்டியையும் விடவில்லை. அசோலாவுக்கு உண்மையான வேர் உண்டு, ஆனால் அந்த வேரின் நுனிச்செல் குறிப்பிட்ட தடவை பிரிந்துவிட்டு நின்றுவிடும், நீண்டு தொங்கும் வேரில் எவ்வளவு நசுக்கினாலும் ஒன்றும் கிடைக்காது. அரை சென்டிமீட்டர்கூட இல்லாத வெள்ளை வேராகப் பொறுக்க வேண்டும். பெரும்பாலான அசோலா இனங்களில் எண்ணிக்கை 44, ஆப்பிரிக்காவின் நைலோட்டிகாவில் மட்டும் 52, அங்கங்கே 66 உள்ள மும்மடியச் செடிகளும் பதிவாகியிருக்கின்றன. குரோமோசோம்கள் சால்வினியாவை விடப் பொடி. என் லென்ஸில் நாற்பதுக்கு மேல் என்று சொல்லலாம், 66 இல்லை என்று சொல்லலாம், அவ்வளவுதான்.

இந்த வேலைக்குக் காரணம், சந்தையில் "ஹைப்ரிட் அசோலா" என்று கூடுதல் விலைக்கு விற்கிறார்கள், நாட்டு அசோலாவும் மைக்ரோஃபில்லா என்கிற வெளிநாட்டு இனமும் தொட்டியில் தானாகக் கலந்து வந்தது என்று ஒருவர் என்னிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார். கலப்பு அசோலா என்று ஒன்று உண்டுதான். பிலிப்பைன்ஸ் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் மைக்ரோஃபில்லாவையும் ஃபிலிகுலாய்டிஸையும் கலந்து உண்டாக்கி 1989இல் எழுதினார்கள். அவை இரண்டும் அமெரிக்கப் பிரிவு. நம் நாட்டு பின்னாட்டா வேறு பிரிவு, பெருவித்தின் (பெண் பக்க வித்து) மேல் ஒட்டியிருக்கும் மிதவைகளே அதில் ஒன்பது, அமெரிக்கப் பிரிவில் மூன்று. சிறுவித்துகள் ஒட்டிக் கிடக்கும் திரளும் மாறும்: அமெரிக்கப் பிரிவில் நங்கூர முனையுள்ள முட்கள் வெளியே நீட்டியிருக்கும், பின்னாட்டாவில் அந்த நங்கூரம் இருக்காது. மார்கழிக் குளிரில் தொட்டி நெருங்கிச் சிவந்திருந்தபோது அடிப்பக்கம் வித்துக்கனிகள் இருந்தன, நசுக்கிப் பார்த்தேன், நங்கூரங்கள் வரிசையாக நின்றன, மிதவையும் மூன்றுதான். முக்கோண வடிவில் கிளைத்த பின்னாட்டாச் செடிகள் அதே தொட்டியின் ஓரத்தில் தனியாக மிதந்துகொண்டிருந்தன. இரண்டு இனம் ஒரே தொட்டியில் கிடக்கிறது, கலப்பு ஒன்றும் இல்லை. அசோலாவின் இலைக்குள் தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கும் நீலப்பச்சைப் பாசி பெருவித்தின் மூடிக்குள் ஒட்டிக்கொண்டுதான் அடுத்த தலைமுறைக்குப் போகிறது என்பதால், கலப்புச் செடி கிடைத்தாலும் பாசி தாய்ச்செடியின் பாசியாகத்தான் இருக்கும். கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

அசோலாவில் வித்து உருப்படும், காய்ந்துபோன தொட்டி மண்ணை வைத்திருந்து தண்ணீர் விட்டால் மறுபடி வர வாய்ப்பு உண்டு. எனவே பழைய தொட்டி மண்ணைக் கொட்டிவிடாமல் நிழலில் போட்டு வைத்திருக்கிறேன். சால்வினியாவுக்கு நேர்மாறு. குட்டைச் சேற்றை வாரவில்லை, ஜேசிபி கூப்பிடவில்லை. சித்திரையில் வாய்க்கால் முறை இல்லாத நாட்களில் தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சி வடித்து, பாயை வழித்து மேட்டில் பரப்பினோம், குவிக்கவில்லை. குவித்தால் மேலே கருகி உள்ளே ஈரத்தில் மொட்டு பச்சையாகவே கிடக்கும், ஒரு குவியலை வாரங்கள் கழித்துக் கிளறினால்கூட உயிரோடு இருக்கும். ஒரு விரல் கனத்துக்குப் பரப்பிப் புரட்டிவிட்டால் நம்ம ஊர் வெயிலே போதும், காய்ந்ததைத் தென்னைக்கு மூடாக்காகப் போட்டாயிற்று. கரையில் புல்லுக்குள் சிக்கிய துண்டுகளைக் கையால் பொறுக்கினோம், இந்த வேலைதான் இடுப்பை ஒடித்தது.

குட்டையில் மறுபடி தண்ணீர் ஏறியபிறகும் சேற்றிலிருந்து ஒன்றும் முளைக்கவில்லை. வாய்க்கால் வாயில் கொசுவலையை இரட்டையாக மடித்துக் கட்டியிருக்கிறேன், அதில் வாராவாரம் ஒன்றிரண்டு துண்டுகள் சிக்கிக்கொண்டுதான் இருக்கின்றன. மேலே எங்கேயோ இன்னும் ஒரு குட்டை நிறைந்து கிடக்கிறது, வாய்க்காலோடு நடந்து போய் அது யாருடையது என்று பார்க்க வேண்டும்.